கிரின்ஸ்டெட்டில் ஒரு லாஸ் வேகாஸ்காரர்

சாப்பிட்டு எழும்பும்போது அவர் ஒரு காரியம் செய்வார். இரண்டு கைகளையும் மேசைக்கு மேலே நீட்டி, ஒருதரம் மெல்லத் தட்டி, உள்ளங்கையைக் காட்டி, புறங்கையைக் காட்டி, அதற்குப் பிறகுதான் கதிரையைப் பின்னால் தள்ளுவார். முதலில் பார்த்தபோது ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்தேன். கேட்டதற்கு, லாஸ் வேகாஸில் சீட்டுப் போடுகிறவன் மேசையை விட்டுப் போகும்போது இப்படித்தான் செய்யவேண்டும், கைக்குள் ஒன்றையும் ஒளிக்கவில்லை என்று கூரையில் இருக்கும் கமராவுக்குக் காட்டவேண்டும் என்று சொன்னார். அன்றைக்கு மேசையில் இருந்தது அவித்த உருளைக்கிழங்கும் மண்ணிறக் குழம்பும். அதை ஒளித்துக்கொண்டு போகிற ஆசை அந்த மண்டபத்தில் யாருக்கும் வந்திருக்காது.

எண்பத்தைந்தாம் ஆண்டு. டென்மார்க்கின் நடுவில், கடலும் இல்லாமல் மலையும் இல்லாமல் தட்டையாகக் கிடக்கிற கிரின்ஸ்டெட் என்ற சின்ன ஊர். ஊருக்கு வெளியே வியாபாரம் படுத்துப்போன ஒரு பழைய ஹோட்டலில் புதிதாக வந்த எங்கள் ஆட்களைத் தங்கவைத்திருந்தார்கள். நானும் கணவரும் அதற்கு முந்தின வருடமே வந்து, அனுமதி கிடைத்து, ஊருக்குள் ஒரு மாடிவீட்டில் குடியிருந்தோம். கணவர் கோழித் தொழிற்சாலையில் நிலம் கழுவினார். நான் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள் என்பதால் ஹோட்டல்காரர்களுக்கும் எங்கள் ஆட்களுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள். எல்லாருக்கும் நான் ரீச்சர்.

அவர் ஒரு செப்டெம்பர் மழையில் வெள்ளைச் சப்பாத்தோடு வந்து இறங்கினார். நாற்பதைத் தாண்டிய வயது. வடமராட்சிக்காரர். மனைவியும் மூன்று பெண்பிள்ளைகளும் ஊரில். ஹோட்டல் வாசலில் நின்று மேலே தொங்கிய விளக்கைக் கொஞ்சநேரம் பார்த்தார். மற்றவர்கள் எல்லாரும் வந்தவுடன் அறை எங்கே, சாப்பாடு எப்போது, ஊருக்கு ரெலிபோன் எடுக்கலாமா என்று கேட்பார்கள். அவர் கேட்டது வேறு.

“ஹோட்டல் எண்டால் இவ்வளவு இருட்டுக் கூடாது, ரீச்சர். இவையளுக்குச் சொல்லுங்கோ.”

நான் சொல்லவில்லை. அடைக்கலம் கேட்டு வந்த மனிதர் மின்விளக்கில் குறை பிடிக்கிறார் என்பதை எந்த மொழியில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தான் லாஸ் வேகாஸில் சீட்டுப் போட்டவர் என்று சொல்லிச் சொல்லியே, ஒரு கிழமைக்குள் ஹோட்டலில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த ஊரை மனப்பாடமாக்கிவிட்டார். அமெரிக்காவில் ஒரு பாலைவனம். ஆறு இல்லை, குளம் இல்லை, வயல் இல்லை, பனை தென்னை ஒன்றும் இல்லை. அதன் நடுவில் ஒரு நெடும் தெரு. தெருவின் இரண்டு பக்கமும் ஹோட்டல்கள், ஹோட்டல் முழுக்க விளக்குகள், விளக்குக்குக் கீழே சீட்டு மேசைகள். வெளியில் வெயில் ஆளைப் பொசுக்கும், உள்ளுக்குப் போனால் சுவெற்றர் போடவேண்டும், அவ்வளவு குளிரூட்டி வைத்திருப்பார்கள். உலகத்தில் எங்கெங்கோ இருந்து சனம் பிளேன் ஏறி வரும். பாட்டுக்காரர், ஆட்டக்காரிகள், மந்திரவித்தைக்காரர் என்று ஒவ்வொரு ஹோட்டலிலும் ஒவ்வொரு கூத்து. கலியாணம்கூட அங்கே நடுராத்திரியில் பத்து நிமிசத்தில் முடிக்கலாமாம். இதைக் கேட்டுப் பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சாதகம் பார்க்கிறதில்லையா என்று ஒருத்தி கேட்டாள்.

மன்னார்க்காரர் ஒருவர் விவசாயி. அவருக்கு ஒரு சந்தேகம். வயலும் இல்லை, கடலும் இல்லை என்றால் அந்த ஊரில் என்னதான் தொழில் என்று கேட்டார்.

“தோக்கிறது” என்றார் லாஸ் வேகாஸ்காரர். “வாறவன் தோப்பான். இருக்கிறவன் பாத்துக்கொண்டிருப்பான். அதுதான் தொழில்.”

இப்படி நாலு சொல்லில் முடிக்கிறவர் சாப்பாட்டுப் பேச்சு வந்தால் நிறுத்தமாட்டார். ஒரே ஒருதரம் கட்டணம் கட்டினால் வயிறு வெடிக்கும்வரை தின்னலாம். சனம் தட்டை நிரப்பிக்கொண்டு வந்து இரண்டு வாய் தின்றுவிட்டு அப்படியே விட்டுப் போகும். முழு இறால், முழுக் கோழிக்கால், வெட்டாத கேக், எல்லாம் குப்பைக்கு என்று, மிஞ்சின தட்டுகளைத் தட்டுத் தட்டாக வர்ணிப்பார். சீட்டுப் போடுகிறவருக்கு எச்சில் தட்டில் ஏன் இவ்வளவு கவனம் என்று யாரும் கேட்கவில்லை. உருளைக்கிழங்கு தின்று கொண்டிருந்த சனத்துக்கு இறால் கதை போதும்.

நம்பினோமா என்று கேட்டால், நம்பவில்லை. என் கணவர்தான் முதல் நம்பாதவர். சனிக்கிழமை பின்னேரங்களில் ஹோட்டலுக்குப் போய் ஆட்களோடு முந்நூற்றிநாலு என்ற சீட்டு விளையாடுவார். ஒருநாள் சீட்டுக்கட்டைத் தூக்கி லாஸ் வேகாஸ்காரர் முன்னால் வைத்து, அண்ணை, நீங்கள் தொழில்காரர், கலைச்சுப் போடுங்கோ என்றார். மண்டபமே சுற்றி நின்றது. அவர் சட்டைக் கையை மடித்தார். விரல்களை நெட்டி முறித்தார். கட்டை இரண்டாகப் பிரித்து வளைத்தார். பாதிச் சீட்டு மேசைக்குக் கீழே, மீதி என் கணவரின் மடியில். கட்டிலேயே பெரிய சீட்டான ஆடுதன் வீரன் போய்த் தேத்தண்ணிக் கோப்பைக்குள் விழுந்தான்.

அவர் அசரவில்லை. இந்த நாட்டுச் சீட்டு குளிரில் விறைத்துப்போயிருக்கிறது, அங்கத்தைய சீட்டு பட்டு மாதிரி என்றார். அதோடு முந்நூற்றிநாலு கிளாக்கர்மார் விளையாடுகிற விளையாட்டு, அதைப் பிரிக்கத் தனக்குக் கை வராது என்றும் சொன்னார். என் கணவர் யாழ்ப்பாணத்தில் கிளாக்கராக இருந்தவர்.

ஆங்கில விஷயமும் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் இருந்ததாகச் சொல்லும் மனிதருக்கு ஆங்கிலத்தில் ஒரு முழு வசனம் வராது. அதற்கும் பதில் வைத்திருந்தார்: சூதாட்ட மேசையில் பேச்சுக்கு இடமில்லை, விரலால்தான் எல்லாம்.

டெனிஷ் வகுப்புக்கு அவர் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. வகுப்பு நடத்திய இளம் பெண் கடிகாரத்தைக் காட்டிக் கண்டிக்கும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் மொழிபெயர்க்கவேண்டிய பதில் எப்போதும் ஒன்றுதான். லாஸ் வேகாஸில் மணிக்கூடு கிடையாது. யன்னலும் கிடையாது. நேரம் தெரிந்தால் மனிதன் வீட்டுக்குப் போய்விடுவான் என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். அந்தப் பழக்கம் தனக்கு விடமுடியாமல் இருக்கிறது.

இந்தப் பதிலை அந்தப் பெண் நம்பவில்லை. நம்பினவர் ஹோட்டல் அம்மா.

ஹோட்டல் அம்மா என்று நாங்கள் சொன்னது அந்த ஹோட்டலின் சொந்தக்காரியை. அறுபது வயது, பெரிய உடம்பு, கணவர் இறந்த பிறகு ஹோட்டலை நடத்தத் தெரியாமல் நடத்திக்கொண்டிருந்தவர். அகதிகள் வந்திராவிட்டால் கதவைப் பூட்டியிருப்பார். அவருக்கு லாஸ் வேகாஸ் என்ற பெயர் ஒன்றே போதுமாக இருந்தது. சமையலறைக்குப் பக்கத்து மேசையில் லாஸ் வேகாஸ்காரரை இருத்தி, கோப்பி ஊற்றி, கேக் வெட்டி வைத்து, அங்கே ஹோட்டல் எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்பார். மிஸ்டர் வேகாஸ் என்றுதான் கூப்பிடுவார். நான் நடுவில் இருந்து, அதைச் சொல்கிறார், இதைச் சொல்கிறார் என்று மொழிபெயர்ப்பேன். என் படிப்புக்கு வந்த கதி.

அவர் ஆலோசனைகளை அள்ளி வழங்கினார். வாசலில் நிறைய விளக்கு. நிலத்தில் கண்ணைக் குத்துகிற பூப்போட்ட கம்பளம். எல்லாவற்றுக்கும் முதல், சாப்பாட்டு மண்டபத்துச் சுவர் மணிக்கூட்டைக் கழற்றவேண்டும்.

கம்பளத்துக்கும் விளக்குக்கும் ஹோட்டல் அம்மாவிடம் வசதி இல்லை. மணிக்கூட்டைக் கழற்றச் செலவில்லை. கழற்றினார். கணவரின் தகப்பன் காலத்து மணிக்கூடு அது. மறுநாளே ஹோட்டல் ஒழுங்கு குலைந்துபோனது. காலைச் சாப்பாட்டுக்கு மத்தியானம் வந்தார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒருவரும் வரவில்லை, வைத்தியரிடம் போகவேண்டிய கர்ப்பிணிப் பெண் பஸ்ஸைத் தவறவிட்டாள். கிரின்ஸ்டெட்டில் அடுத்த பஸ் என்பது கிட்டத்தட்ட அடுத்த பருவகாலம். நாலாம் நாள் மணிக்கூடு மறுபடி ஆணியில் ஏறியது. அதற்கும் அவர் வருத்தப்படவில்லை. பரிசோதனை வெற்றிதான், சனத்துக்கு நேரம் தெரியாமல் போனதல்லவா என்று கேட்டார். ஹோட்டல் அம்மா அதையும் ஏற்றுக்கொண்டார்.

பக்கத்து ஊரில் பிளாஸ்டிக் கட்டிகளால் கட்டிய ஒரு பொம்மை நகரம் இருக்கிறது. கோடையில் உலகமே வந்து பார்க்கும். அது அந்த வருடத்துக்கு மூடுமுன் ஹோட்டல் அம்மா எங்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். முழங்கால் உயர வீடுகள், விரல் நீளக் கப்பல்கள், துறைமுகம், ரயில். எங்கள் ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். அவர் வெள்ளைச் சப்பாத்தோடு நடுவில் நடந்தபடி, ஊரைக் கட்டுகிறதென்றால் பார்க்கிறவன் அண்ணாந்து பார்க்கவேண்டும், குனிந்து பார்க்கிற ஊரை யார் கட்டுவான் என்று கேட்டுக்கொண்டே வந்தார். திரும்பும் நேரம் ஆளைக் காணவில்லை. தேடிப்போனால், ஒரு குட்டி ஹோட்டலுக்கு முன்னால் முழந்தாளில் இருந்து யன்னலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்களைக் கண்டதும் எழும்பி முழங்காலைத் தட்டிவிட்டு, சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

டென்மார்க்கில் அப்போது கசினோ என்று ஒன்று கிடையாது. இருந்தது பாங்கோ. எண்கள் அச்சடித்த அட்டையை வாங்கிக்கொண்டு விளையாட்டு மண்டபத்தில் வரிசையாக இருக்கவேண்டும். மேடையில் ஒருவர் எண்களை வாசிப்பார். அட்டை நிரம்பினவர் “பாங்கோ” என்று கத்தவேண்டும். பரிசு இறைச்சி. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஹோட்டல் அம்மா அவரையும் என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார். தன் மிஸ்டர் வேகாஸை ஊருக்குக் காட்டவேண்டும் என்ற ஆசை.

டெனிஷ் எண்கள் பொல்லாதவை. ஐம்பதுக்கு மேலே போனால் டெனிஷ்காரர்களே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள். அவருக்கு இருபதுக்கு மேல் தெரியாது. ஆனால் கால்மேல் கால் போட்டு, கண்ணைப் பாதி மூடி, இதெல்லாம் எத்தனை பார்த்திருப்பேன் என்ற பாவனையில் இருந்தார். அவருடைய அட்டையிலும் தன் அட்டையிலும் வாசித்த எண்களின்மேல் பொத்தான்களை வைத்துக்கொண்டிருந்தது ஹோட்டல் அம்மா. கடைசியில் அவரை விலாவில் இடித்துக் கத்தச் சொன்னதும் அவர்தான்.

அவர் எழும்பி “பாங்கோ” என்றார். சத்தம் வைக்கவில்லை. கூட்டத்தில் தீர்ப்புச் சொல்வதுபோலச் சொன்னார்.

பரிசு, ஒரு பெரிய உறைந்த பன்றித் துண்டு. அவர் வீட்டில் பன்றியைத் தொடமாட்டார்கள். வெள்ளைச் சப்பாத்தோடு மேடையேறி, அந்தப் பனிக்கட்டிப் பன்றியை மார்போடு அணைத்துப் பிடித்து நின்றபோது உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். ஹோட்டல் அம்மா ஓடிப்போய் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னார். அடுத்த கிழமை பத்திரிகையில் அரைப் பக்கத்துக்குப் படம். லாஸ் வேகாஸிலிருந்து வந்தவருக்கு கிரின்ஸ்டெட்டிலும் அதிர்ஷ்டம் என்று மேலே கொட்டை எழுத்து. ஹோட்டல் அம்மா அதை வெட்டிச் சமையலறைச் சுவரில் ஒட்டினார். லாஸ் வேகாஸ்காரர் தண்ணீர் கேட்டு அடிக்கடி சமையலறைப் பக்கம் போனார். அந்த மாதம் அவருக்கு நல்ல தாகம்.

புதுவருடம் பிறந்த கையோடு, வெளிநாட்டார் விவகாரம் பார்க்கிற பொலிஸ்காரர் ஒருவர் காரில் வந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். கையில் கோப்பி போத்தலும் அந்தப் பத்திரிகையும். ஹோட்டல் அலுவலகத்தில் மிஸ்டர் வேகாஸைக் கூப்பிட்டு இருத்தினார்கள். மொழிபெயர்க்க நான்.

அந்த நாட்களில் எங்களுக்குள் ஓடிய பயம் ஒன்று இருந்தது. வேறொரு நாட்டில் கால் வைத்ததாகத் தெரிந்தால் போதும், அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கேயும் ஏற்காவிட்டால் கொழும்புக்கு. யார் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது, எல்லாரும் நம்பினோம். பொலிஸ்காரர் பத்திரிகையை விரித்து வைத்துக் கேட்டது நேரான கேள்வி. இதில் சொல்லியிருப்பதுபோல நீங்கள் லாஸ் வேகாஸில் இருந்தீர்களா? இருந்தால் எப்போது, என்ன பத்திரத்தில்?

நான் தமிழில் சொன்னேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின கிழமைதான் ஊரிலிருந்து செய்தி வந்திருந்தது. வீட்டுக்கு ஷெல் விழுந்து, மனைவியும் பிள்ளைகளும் ஒரு பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். இங்கே அனுமதி கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடமுடியும்.

“ஓம் எண்டால் என்ன செய்வினம், ரீச்சர்?”

மொழிபெயர்க்க வந்தவள் புத்தி சொல்லக்கூடாது. எனக்குத் தெரியாது அண்ணை என்றேன். அது உண்மையும்கூட.

அவர் மேசையில் இருந்த கைகளை எடுத்து மடியில் வைத்தார். வெளியில் யாரோ பனியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“எழுதச் சொல்லுங்கோ” என்றார். “நான் அந்தப் பக்கமே போகேல்லை. எல்லாம் சும்மா விட்ட கதை.”

நான் சொன்னேன். பொலிஸ்காரர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, வேலை மிச்சம் என்கிற சிரிப்பு. அப்படியென்றால் ஏன் இந்தக் கதை என்று கேட்டார். குளிருக்குள் பொழுது போகவில்லை என்றார் அவர். மணிக்கூடு இல்லாததெல்லாம் எப்படித் தெரியும்? சினிமாப் படத்தில் பார்த்தது. நான் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் போட்டுக்கொடுத்தேன். மனதுக்குள் எனக்கும் ஒரு சந்தோஷம் இருந்தது. கடைசியில் ஆள் அகப்பட்டார் என்று.

கோப்பிக் கோப்பைகளை எடுக்க வந்த ஹோட்டல் அம்மா கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். முகம் சிவந்து, கோப்பைகளை எடுக்காமலே போனார். இறந்த கணவருக்கு வேறொரு குடும்பம் இருந்ததாக யாரோ சொன்னால் எப்படிப் போயிருப்பாரோ அப்படி. சமையலறைச் சுவரில் அன்றைக்கே படம் இல்லை. ஒட்டின பசைமட்டும் இருந்தது. கேக்கும் நின்றது. மிஸ்டர் என்றால் இனி வெறும் மிஸ்டர்.

எங்கள் ஆட்கள் அவ்வளவோடு விடவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னமே செய்தி எல்லா அறைக்கும் போய்விட்டது. நான் சொல்லவில்லை, சொல்லவும் தேவை இருக்கவில்லை. என் கணவர் கேள்விப்பட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். லாஸ் பொய்காஸ் என்று பெயர் வைத்தது அவர்தான். ஒரு கிழமைக்குள் கிரின்ஸ்டெட் தாண்டி ஓகூஸ் நகரம்வரைக்கும் எங்கள் சனத்திடம் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. சின்னப் பிள்ளைகள்கூட லாஸ் பொய்காஸ் மாமா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்ப்பார். ஓம் என்பார். சாப்பிட்டு எழும்பும்போது கைகளைப் பாதி தூக்கி, பிறகு நினைவு வந்து, காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். அதைப் பார்க்கவென்றே சிலர் மேசையை விட்டு எழும்பாமல் இருந்தார்கள்.

பொய்யனைக் கேலி செய்ய எங்களுக்கிருந்த தகுதியையும் சொல்லவேண்டும். கோழித் தொழிற்சாலையில் நிலம் கழுவின என் கணவர் ஊருக்கு எழுதும்போது சுப்பவைசர். அந்த மன்னார் விவசாயி பூங்காவில் இலை கூட்டினார். ஊரில் தான் அரசாங்க விவசாயப் பகுதியில் அதிகாரியாக இருந்ததாகச் சொல்வார். கேட்டால், கிரின்ஸ்டெட்டில் இருந்த தமிழர் எல்லாரும் ஊரில் கந்தோர் உத்தியோகம்தான் பார்த்தோம்.

இலைகள் துளிர்க்கிற நேரத்தில் லாஸ் வேகாஸ்காரருக்கு அனுமதி வந்தது. எங்கள் கட்டடத்துக்கு அடுத்த கட்டடத்திலேயே வீடு கொடுத்தார்கள். கொஞ்சக் காலத்தில் தச்சுப் பட்டறை ஒன்றில் வேலையும் கிடைத்தது. அடுத்த வருடம் மனைவியும் மூன்று மகள்களும் வந்து சேர்ந்தார்கள்.

அவர்களை ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டோம். அவருடைய மனைவி திடமான பெண். சுற்றிவளைக்காத பேச்சு. வந்தவுடன் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு என் சமையலறைக்குள் நுழைந்து வெங்காயத்தை எடுத்துவிட்டார். முன் அறையில் என் கணவர் பெரிய பகிடி விட்டுக்கொண்டிருந்தார். லாஸ் பொய்காஸ் என்ற சொல் இரண்டு மூன்றுதரம் கேட்டது. அவரும் மகள்களுக்கு முன்னால் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

“அது என்ன பேர், ரீச்சர்?” என்று அந்தப் பெண் கேட்டார்.

நானும் வெங்காயம் வெட்டியபடி முழுக்கதையையும் சொன்னேன். மணிக்கூடு, பன்றி, பொலிஸ், எல்லாம். நன்றாகத்தான் சொன்னேன், பல இடத்தில் சொல்லிப் பழகின கதை. அந்தப் பெண் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தார்.

“இருந்தவர்தானே” என்றார். “அந்த ஊரிலதான் இருந்தவர்.”

பிறகு அடுப்புச் சத்தத்துக்குள் எனக்குமட்டும் கேட்கும்படி சொன்னார். கலியாணத்துக்கு முதல் கப்பலில் வேலைக்குப் போனவர், அமெரிக்காவில் ஒரு துறைமுகத்தில் இறங்கித் திரும்பி ஏறவில்லை. யாரோ மெக்சிகோக்காரர்களோடு சேர்ந்து பாலைவனத்துக்குள் போய், லாஸ் வேகாஸில் ஒரு பெரிய ஹோட்டலின் நிலக்கீழ்ச் சமையலறையில் எச்சில் தட்டும் கோப்பையும் கழுவினார். கூட நின்றவர்களுக்கும் ஆங்கிலம் தெரியாது. சீட்டுப் போடுகிறவர்கள் சாப்பிட வரும்போது பார்ப்பதுதான், மேசைகள் இருந்த மண்டபத்துக்குள் போக விடமாட்டார்கள். கடைசியில் பிடித்து, கைவிலங்கோடு பிளேன் ஏற்றிவிட்டார்கள். ஊரில் வந்து இறங்கினவர் சீட்டு மேசையில் நின்றதாகச் சொன்னார். ஊர் முழுக்க அந்தக் கதைதான். அந்தக் கதையை நம்பித்தான் தன் தகப்பன் சம்பந்தம் பேசினார் என்றார் அந்தப் பெண்.

“எனக்கு மட்டும் கலியாணத்துக்கு முதலே உள்ளதைச் சொன்னவர். கையைக் காட்டினவர். கோப்பை கழுவுற சோடாவில ஊறி நகமெல்லாம் போயிருந்தது.”

முன் அறையில் மறுபடி சிரிப்புக் கேட்டது. வெளியில் சொல்லிப்போடாதேங்கோ, பொலிசுக்குப் போனால் பிள்ளைகளையும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள் என்று அவர் என் கையைப் பிடித்தார். அன்றைய குழம்பில் உப்புக் கூடிப்போனது என்று என் கணவர் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் ஓகூஸில் மொழிபெயர்ப்பு வேலைகளுக்குப் போகத் தொடங்கினேன். அங்கே இப்படியான வழக்குகளைப் பார்க்கிற ஒரு வழக்கறிஞரிடம், பெயர் சொல்லாமல், யாரோ ஒருவருக்கு நடந்ததாக இதைக் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு எத்தனையோ வருடம் முந்தி ஒரு நாட்டில் திருட்டுத்தனமாக வேலை செய்து, அந்த நாடே பிடித்துத் திருப்பி அனுப்பின ஆளை, மறுபடி அங்கே எப்படி அனுப்பமுடியும்? உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்கள். வழக்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இதை லாஸ் வேகாஸ்காரரிடம் சொல்வதா விடுவதா என்று கொஞ்சக்காலம் வைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பின்னேரம் ஊர் நீச்சல் மண்டபத்துக்கு முன்னால் அவரைக் கண்டேன். கடைசி மகள் வெளியே வரும்வரை சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். கையில் மகளின் கம்பளித் தொப்பி. அவர் மனைவி எனக்குச் சொன்னதையும், வழக்கறிஞர் சொன்னதையும் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது அண்ணை, இவ்வளவு காலமும் இந்தச் சனத்திடம் வீணாகப் பேச்சு வாங்கினீர்கள் என்றேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். குறைந்தது வருத்தமாவது.

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உண்மையைச் சொல்லுறதெண்டால் கோப்பை கழுவினதையும் சொல்லவேணுமே, ரீச்சர்.”

அவர் மண்டப வாசலை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

“அந்தம்மாவும் கதவடியில நிண்டவ” என்றார். “நீங்களும் இருந்தனீங்கள். பொய்யன் எண்டு சொன்னால் சனம் சிரிக்கும். சிரிச்சுப்போட்டுப் பக்கத்தில வந்திருந்து இன்னொரு கதை சொல்லு எண்டு கேக்கும். கோப்பை கழுவினவனிட்டை ஆர் கதை கேக்கிறது?”

மகள் ஈரத் தலையோடு ஓடி வந்தாள். டெனிஷில் ஏதோ கேட்டாள். அவர் விளங்கினதுபோலத் தலையாட்டி, தொப்பியைப் போட்டுவிட்டு, பின் இருக்கையில் தூக்கி இருத்தினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாலடி போய்த் திரும்பினார்.

“உங்கட மனுசனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

சொல்லவில்லை. என் கணவர் சாகும்வரை அவரைப் பற்றிப் பகிடி விட்டார். நானும் பக்கத்தில் இருந்து, கேட்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன்.